வீட்டாரிடம் மட்டும் கேட்க வேண்டிய கேள்வி

‘சாப்டீகளா’ என்று கேட்டதற்காக ஒருவனைக் காவல் நிலையத்தில் உட்கார வைத்திருப்பது இந்த வட்டாரத்தில் இதுவே முதல் தடவையாக இருக்கும். எங்கள் பக்கம் பகையாளி எதிரே வந்தாலும் அதைக் கேட்டுவிட்டுத்தான் சண்டைக்குப் போவார்கள். என் வேலையிலும் அதுதான் முதல் கேள்வி. திம்மையாவிடமும் அதைத்தான் முதலில் கேட்டேன். மற்றதெல்லாம் அதற்குப் பின்னால் வந்தவை.

ஐயா, நீங்கள் என்னை ஒரு வார்த்தை தடித்துப் பேசவில்லை. வந்ததும் ஃபேனை என் பக்கம் திருப்பிவிட்டீர்கள். டீ வாங்கிக் கொடுத்தீர்கள். நீங்கள் பாதி குடித்த பிறகுதான் நான் என் டம்ளரைத் தொட்டேன். அது பழக்கதோஷம், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். திம்மையாவின் மனைவி சௌடேஸ்வரி செத்துப்போனதற்கு, போனில் பேசிய ஒரு பையன் எப்படிக் காரணமாக முடியும் என்று உங்கள் ஏட்டையா ஆச்சரியப்பட்டார். முடியும், ஐயா. வரிசையாகச் சொல்கிறேன்.

பெயர் பாலமணிகண்டன். ஊர் பரளச்சி. கொஞ்சம் மிளகாய், கொஞ்சம் பருத்தி, மழை பெய்தால் விவசாயி, பெய்யாவிட்டால் நிலத்துக்குச் சொந்தக்காரர், இவ்வளவுதான் எங்கள் குடும்பம். என் அப்பா குடிக்க மாட்டார். பீடி கூடக் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது; இல்லாவிட்டால் காரணத்தை அங்கே போய்த் தேடுவார்கள். சின்ன வயதில் என்னை யாரும் அடிக்கவில்லை. அம்மா எல்லோருக்கும் போலத்தான் எனக்கும் சோறு போட்டார்.

கல்லூரியில் நான் ஒரு சுவர்ப் பத்திரிகை நடத்தினேன். ஒரு முறை முதல்வரின் ஆண்டறிக்கையை ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் அப்படியே எழுதி ஒட்டினேன். மொத்தக் கல்லூரியும் அதன் முன்னால் நின்று சிரித்தது. என்னை இடைநீக்கம் செய்தார்கள். நான் எதையும் சேர்க்கவில்லையே என்று கேட்டேன். “சேர்க்கலைங்கிறதுதாம்ப்பா குத்தம்” என்றார் எங்கள் துறைத் தலைவர். அவர் நல்ல மனிதர். இருக்கிற வார்த்தையை, இருக்க வேண்டிய இடத்திலிருந்து கொஞ்சம் நகர்த்தி வைத்தால் போதும் என்று அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன்.

படிப்பு முடிந்து சேர்ந்த இடம் ‘தெளிவு’ தொலைபேசி ஆலோசனை மையம். பந்தல்குடி ரோட்டில் ஒரு பேக்கரியின் மாடி. நாலு நாற்காலி, நாலு ஹெட்போன், நடுவில் தெர்மாகோல் தடுப்பு. சரஸ்வதி மேடம்தான் பொறுப்பு. குடியை விட நினைப்பவர்கள் போன் போடுவார்கள். பெரும்பாலும் அவர்கள் பெண்டாட்டிகள் போடுவார்கள். நாங்கள் பேசுவோம். பேசுவது என்றால் அறிவுரை இல்லை. அறிவுரை கூடாது, திட்டக் கூடாது, சாமி பெயரை இழுக்கக் கூடாது, கேள்வி மட்டும்தான் கேட்க வேண்டும். குடிகாரர் என்று சொல்லக் கூடாது. ‘மதுவோடு போராடுகிறவர்’ என்றுதான் சொல்ல வேண்டும். என்னிடம் பேசியவர்களில் யாரும் போராடிக்கொண்டிருந்ததாக எனக்குத் தெரியவில்லை. இரண்டு தரப்பும் நல்ல சமாதானமாகவே இருந்தன.

ஒரு லோடுமேன் வாரம் தவறாமல் கூப்பிடுவார்.

“தம்பி, விட்டுட்டேன்.”

“ரொம்ப சந்தோஷம்ணே. எப்ப இருந்து?”

“மத்தியானம் தூங்குனேன்ல, அப்ப இருந்து.”

இப்படித்தான் போய்க்கொண்டிருந்தது. கூப்பிட்டு அழுவார்கள், பிள்ளை மேல் சத்தியம் செய்வார்கள், போனை வைத்துவிட்டுக் கடைக்குப் போவார்கள். எங்கள் கேள்விகள் நல்ல கேள்விகள்தான். ‘குடி உங்களுக்கு எதைத் தருகிறது?’ என்று ஒன்று உண்டு. ‘தூக்கத்தை’ என்பார்கள். அதற்கு அடுத்த கேள்வி எங்களிடம் இல்லை.

கேள்விகள் இரண்டு வகை. குடிப்பவரிடம் கேட்க வேண்டியவை, வீட்டாரிடம் கேட்க வேண்டியவை. வீட்டாரிடம் கேட்பதில் முக்கியமான ஒன்று: ‘அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டிலோ காப்பியிலோ ஏதாவது மருந்து கலந்து கொடுக்கிறீர்களா?’ இது உங்களுக்கும் தெரிந்திருக்கும், ஐயா. குடியை மறக்கடிக்கிற மருந்து என்று யாரோ எங்கோ விற்பதை வாங்கிவந்து, புருஷனுக்குத் தெரியாமல் குழம்பில் கலந்து போட்டுவிடுகிற வழக்கம் நம் பக்கம் நிறைய உண்டு. அதன் மேல் அவன் குடித்தால் ஆளுக்கே ஆபத்து. அதனால் பெண்களிடம் பக்குவமாகக் கேட்டு, கலப்பதாகச் சொன்னால் நிறுத்தச் சொல்லி, டாக்டரிடம் அனுப்ப வேண்டும். உயிரைக் காப்பாற்றுகிற கேள்வி அது. குடிப்பவரிடம் அதை எக்காரணம் கொண்டும் கேட்கக் கூடாது என்று பயிற்சியின்போது மேடம் இரண்டு தடவை சொன்னார்.

நான் முதல் முறை கேட்டது தவறுதலாகத்தான். குமாரலிங்கபுரத்திலிருந்து மாரிக்கனி என்று ஒரு அக்கா பேசிக்கொண்டிருந்தார். பேச்சு நடுவில் போன் கை மாறியது. அவர் புருஷன் மொக்கையன்.

“எவன்டா அது, என் பொண்டாட்டிகிட்ட குசுகுசுன்னு?”

“தெளிவு மையத்துல இருந்து பேசுறேண்ணே. சாப்டீகளா?”

“சாப்டேன். நீ என்ன, கறி எடுத்துக் குடுத்தியா?”

என் வாயில் அடுத்த கேள்வி தயாராக இருந்தது. மாரிக்கனிக்காக வைத்திருந்தது. அது அப்படியே வந்துவிட்டது.

“சாப்பாட்டுல உங்களுக்குத் தெரியாம மருந்து ஏதும் கலந்து குடுக்குறாங்களாண்ணே?”

அந்தப் பக்கம் ஒரு கோழி கொக்கரித்தது. டிவியில் புடவை விளம்பரம் ஓடியது. மொக்கையனின் சத்தம் மட்டும் இல்லை. பிறகு, அவருக்கு அப்படி ஒரு குரல் இருக்கும் என்று நான் நினைத்திராத குரலில், மெல்லக் கேட்டார்.

“யாரு?”

“எல்லார்கிட்டயும் கேக்குறதுதாண்ணே.”

“கலந்தா என்ன ஆகும்?”

“அது மேல குடிச்சா ஆபத்து.”

உண்மையைத்தான் சொன்னேன். போனை வைத்துவிட்டார். சில நாள் கழித்து மாரிக்கனி கூப்பிட்டு அழுதார். இந்த முறை சந்தோஷ அழுகை.

“என்ன மாயம் செஞ்சீக தம்பி? தொடவே இல்ல. பொழுது சாய வீட்டுக்கு வந்துருதாக. அடுப்படியிலயே உக்காந்து நான் சமைக்கிறதப் பாத்துக்கிட்டே இருக்காக. வெங்காயங்கூட உரிச்சுக் குடுக்காக. கல்யாணமான புதுசுல கூட இப்பிடி இருந்ததில்ல.”

அந்த அக்கா அதைப் பாசம் என்று நினைத்துக்கொண்டார். நான் திருத்தவில்லை. கேட்கும்போது நன்றாகத்தான் இருந்தது.

அன்றைக்கு நான் யோசித்துப் பார்த்தேன். குடிப்பவன் பிறரை நம்புகிறவன், ஐயா. தெருவில் விழுந்தாலும் யாராவது தூக்கிக்கொண்டு போய் வீட்டில் போடுவார்கள், வீட்டில் தட்டில் சோறு மூடி இருக்கும் என்ற நம்பிக்கையில்தான் குடிக்கிறான். அந்த நம்பிக்கையை எடுத்துவிட்டால் அவனால் குடிக்க முடியாது. சந்தேகப்படுகிறவன் விழித்திருக்க வேண்டும், மோந்து பார்க்க வேண்டும், யார் கரண்டியை எந்தப் பாத்திரத்தில் விட்டார்கள் என்று ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். தெளிவாக இருந்தே ஆக வேண்டும். மையத்தின் பெயரே அதுதானே.

அதன் பிறகு எல்லோரிடமும் கேட்டேன். கேள்விதான். யார் மேலும் பழி சொன்னதில்லை, ஒரு பொய் சொன்னதில்லை. கேட்டதும் அவர்கள் அமைதியாகிவிடுகிற அந்தச் சின்ன நேரம் இருக்கிறதே, அதற்காக நான் காத்திருக்க ஆரம்பித்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன். கிணற்றில் கல்லைப் போட்டுவிட்டுக் காது கொடுப்பது மாதிரி.

விட்டவர்கள் எண்ணிக்கை ஏறியது. மையத்தின் பலகையில் என் போட்டோவை ஒட்டினார்கள். பக்க விளைவுகள் சில இருந்தன. பாலையம்பட்டியில் ஒருவர் முதல் கவளத்தை நாய்க்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிட்டார், நாய் கொழுத்தது. இன்னொருவர் தனி அடுப்பு வைத்துத் தானே பொங்கித் தின்றார். ஒருவர் பெண்டாட்டியைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டார். ஆனால் ஒருவரும் குடிக்கவில்லை. சரஸ்வதி மேடம் மட்டும் ஒருநாள் என் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

“பாலா, உன் ஆளுங்க எல்லாரும் ஏன் ஒரே மாதிரி கேக்குறாங்க?”

“என்ன மேடம்?”

“‘நான் பேசுறது என் வீட்ல யாருக்கும் கேக்குமா’ன்னு. நீ லீவுல இருந்தப்ப உன் கால்ஸை நான்தான் எடுத்தேன். எல்லாரும் குசுகுசுன்னே பேசுறாங்க.”

“மரியாதை மேடம். குடிய விட்டா குரல் தணிஞ்சிரும்.”

அவர் என் முகத்தையே பார்த்தார். அப்புறம் கீழேயிருந்து பப்ஸ் வந்துவிட்டதாகச் சொன்னார்கள்; போய்விட்டார்.

திம்மையா கூப்பிட்டது அந்தச் சமயத்தில்தான். விசைத்தறிக் கூடத்தில் வேலை. தறி ஓடுகிற இரைச்சலிலேயே பேசிப் பழகியவர், அதனால் போனிலும் கத்துவார். நான் ஹெட்போனைக் காதிலிருந்து விலக்கி வைத்துக்கொண்டுதான் கேட்பேன். அவராகவே கூப்பிட்டார், யாரும் தள்ளிவிடவில்லை.

“சார், எனக்கு இத விடணும் சார். எம்பொண்டாட்டி ரொம்ப நல்லவ. ஒரு வார்த்த கேக்க மாட்டா. எத்தன மணிக்குப் போனாலும் சோத்தப் போட்டு வச்சுக்கிட்டு உக்காந்திருப்பா. அதான் சார் எனக்கு வெக்கமா இருக்கு.”

இப்படி ஒருவர் பேசி நான் கேட்டதில்லை. இவருக்கு எந்தக் கேள்வியும் தேவைப்பட்டிருக்காது. கூடக் கொஞ்ச நாள் பேசிக்கொண்டிருந்தாலே விட்டிருப்பார். இது எனக்கு அப்போதே தெரியும். ஆனால் பழக்கம் என்று ஒன்று இருக்கிறது, ஐயா. அதை விடுவது எவ்வளவு கஷ்டம் என்று நாள் முழுக்க மற்றவர்களிடம் நான்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். சாப்டீகளா என்று கேட்டேன். யார் போட்டது என்று கேட்டேன். பிறகு அதைக் கேட்டேன்.

அன்றைக்குத்தான் ஹெட்போனை ஒழுங்காகக் காதில் மாட்டிக்கொண்டேன். அதற்குப் பிறகு திம்மையா கத்தவே இல்லை.

குடி அன்றோடு நின்றது. கொஞ்ச நாளில் காப்பி நின்றது. அப்புறம் குழம்பு. மத்தியானம் கடைப் பரோட்டா, ராத்திரி கடைப் பரோட்டா. தண்ணீர் தறிக்கூடத்துப் பானையில் மட்டும்.

“சார், ரசம் கசக்குற மாதிரி இருந்துச்சு.”

“எப்பத்துல இருந்து அப்படித் தோணுது?”

கொஞ்சம் யோசித்தார். “கொஞ்ச நாளாவே இருந்திருக்கும் போல சார். நாந்தான் போதையில கவனிக்கல.”

பாருங்கள், நான் எப்பத்திலிருந்து என்று மட்டும்தான் கேட்டேன்.

சௌடேஸ்வரி அக்கா என்னோடு பேசியது அதற்குப் பிறகு. புருஷன் போனில் இருந்து நம்பரை எடுத்திருக்கிறார். நல்ல நிதானமான பேச்சு. அவர்கள் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். என்னோடு பேசும்போது ஒவ்வொரு தமிழ் வார்த்தையையும் துடைத்து எடுத்துவைக்கிற மாதிரி பேசினார்.

“நீங்க பேசித்தான் அவுக விட்டாகன்னு தெரியும் தம்பி. நல்லாருக்கணும் நீங்க. எங்க அக்காவுக்குப் போன் போட்டுச் சொன்னேன், மந்து விட்டாச்சு, இப்ப மந்துப் பக்கமே போறதில்லன்னு. எங்க பேச்சுல சாராயத்துக்கு அதான் பேரு. அக்கா அழுதுருச்சு.”

“ரொம்ப சந்தோஷம்க்கா.”

“ஆனா என் கையால ஒண்ணுமே வாங்க மாட்டேங்காக தம்பி. தண்ணி கூட. என்ன தப்புன்னு கேட்டா உத்து உத்துப் பாக்காக. ஆளு பாதியா எளைச்சுட்டாக. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க. உங்க பேச்சக் கேப்பாக.”

“நாங்க அறிவுரை சொல்லக் கூடாதுக்கா. விதி.”

“அறிவுரை வேண்டாம். சாப்பிடச் சொல்லுங்க.”

கேட்கிறேன் என்று சொன்னேன். சொல்கிறேன் என்று சொல்லவில்லை.

மறுநாளே திம்மையா கூப்பிட்டார். தறிக்கூடத்துக்குப் பின்னால் போய் நின்று பேசினார். இரைச்சல் தூரத்தில் கேட்டது.

“சார், உறுதியாயிருச்சு. அவ அவங்க அக்காகிட்ட போன்ல பேசுறப்ப நான் கதவுக்குப் பின்னால நின்னேன். ‘மந்து, மந்து’ன்னு ரெண்டு தரம் சொன்னா சார். அந்தம்மா அழுவுற சத்தங்கூடக் கேட்டுச்சு.”

“மந்துன்னா உங்க பேச்சுல என்ன?”

“குடிக்கிறதும் மந்துதான் சார், வைக்கிற மருந்தும் மந்துதான். ரெண்டுக்கும் ஒரே வார்த்த.”

அவர் காத்திருந்தார். சௌடேஸ்வரி சொன்ன மந்து எது என்று, அந்த அக்கா தங்கையை விட்டால் உலகத்தில் தெரிந்த ஒரே ஆள் நான். ஒரு வாக்கியம் போதும். ஆனால் ஒருவர் பேசியதை இன்னொருவரிடம் சொல்லக் கூடாது என்பது எங்கள் மையத்தின் முதல் விதி. புருஷன் பெண்டாட்டியாக இருந்தாலும் கூடாது. அந்த விதியை நான் ஒருநாளும் மீறியதில்லை. நீங்கள் வேண்டுமானால் மேடத்திடம் கேட்டுக்கொள்ளலாம்.

“ரெண்டுல எதுன்னு நீங்க நினைக்கிறீங்க?” என்று கேட்டேன்.

அவர் நினைத்ததைத்தான் நினைத்தார். திருச்சுழிப் பக்கம் மருந்து எடுக்கிற ஒருவரிடம் போனார். வைத்த மருந்தை வயிற்றிலிருந்து எடுத்துக் காட்டுகிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களில் ஒருவர். எதையோ குடிக்கவைத்து வாந்தி எடுக்கவைத்து, கறுப்பாக ஒரு உருண்டையைக் காட்டியிருக்கிறார். அது வயிற்றிலிருந்து வந்ததா, அந்த ஆளின் விரலிடுக்கிலிருந்து வந்ததா என்று நான் திம்மையாவிடம் கேட்டிருக்கலாம். அதுவும் ஒரு கேள்விதான். ஆனால் அது அவருடைய சிகிச்சைக்கு உதவுகிற கேள்வியாக எனக்குப் படவில்லை.

சௌடேஸ்வரி அக்கா இரண்டாவது முறை பேசியபோது குரல் நிதானத்தில் இல்லை.

“தம்பி, அவுக குடிச்சாலும் பரவாயில்ல. குடிச்சிட்டு வந்தப்பவாச்சும் என் கையால சாப்ட்டாக. நானே ஒரு பாட்டில் வாங்கியாரச் சொல்லி எல முன்னால வைக்கப் போறேன். இதக் குடிச்சுட்டாச்சும் சாப்பிடுங்கன்னு காலுல விழப் போறேன்.”

இந்த வாக்கியம் எனக்குப் பிடிக்கவில்லை, ஐயா. நீங்கள் என்னைக் கேட்கிற ‘ஏன்’ என்ற கேள்விக்குப் பதில் ஏதாவது இருந்தால் அது இங்கேதான் இருக்கிறது. எவ்வளவு பாடுபட்டு ஒரு மனிதரைத் தெளிய வைத்திருக்கிறேன், இந்த அம்மா ஒரு வாய்ச் சோற்றுக்காக அதைக் கவிழ்க்கப் பார்க்கிறார். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அறிவுரை கூடாது. ஆனால் சாயங்காலம் திம்மையா கூப்பிட்டபோது, குடிப்பவரிடம் கேட்க வேண்டிய கேள்விகளில் ஒன்றைக் கேட்டேன். இது உள்ளபடியே அவரிடம் கேட்க வேண்டியதுதான், எந்த விதியும் தடுக்கவில்லை.

“நீங்க மறுபடி குடிக்கணும்னு வீட்ல யாராவது விரும்புறாங்களா?”

“அதெப்படி சார்? எந்தப் பொம்பள புருஷன் குடிக்கணும்னு நெனப்பா?”

“சும்மா கேட்டேன். கவனிச்சுப் பாருங்க.”

அவர் கவனித்துப் பார்க்கக் கூட வேண்டியிருக்கவில்லை. அன்று வீட்டுக்குப் போனதும் இலை போட்டு, சோறு வைத்து, பக்கத்தில் பாட்டிலை வைத்துவிட்டு, அந்த அக்கா காலைப் பிடித்துக்கொண்டு கெஞ்சியிருக்கிறார். சோற்றில் மருந்து இருக்கிறது என்று நம்புகிற மனிதர். அதன் மேல் குடித்தால் ஆபத்து என்று என் வாயால் கேட்டிருக்கிற மனிதர். அந்த இலையையும் பாட்டிலையும் அவர் எப்படிப் பார்த்திருப்பார் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். ஆனால் அவர் குடிக்கவில்லை. எழுந்து போய்விட்டார். எனக்குச் சொன்னபோது என் உடம்பு சிலிர்த்தது. எங்கள் மையத்தில் எத்தனையோ பேர் பாட்டில் முன்னால் தோற்றிருக்கிறார்கள்.

இனி அந்த மத்தியானம். மையத்தில் பதிவான அந்த அழைப்பை நீங்கள் எனக்கு இரண்டு முறை போட்டுக் காட்டினீர்கள். என் குரல் அவ்வளவு மென்மையாக இருக்கும் என்று எனக்கே தெரியாது.

“சார், நானும் மருந்து வாங்கிட்டேன்.”

“யாருக்கு?”

“அவளுக்குத்தான். அவ எனக்கு வச்சா, நான் அவளுக்கு. சரிக்குச் சரி.”

அப்புறம் பதிவில் ஒரு இடைவெளி வருகிறது. நீங்கள் அதில் நிறுத்திவிட்டு, இங்கே என்ன நினைத்தாய் என்று கேட்டீர்கள். காலையில் நான் சொன்ன பதில்: அந்த அக்காவுக்கு ஏதோ இருமல் காய்ச்சல், அதற்கு மருந்து வாங்கியிருக்கிறார் என்று நினைத்தேன். அதைத் திருத்திக்கொள்கிறேன்.

நான் பரளச்சியில் பிறந்தவன். எங்கள் வீட்டில் காய்ச்சலுக்குச் சாப்பிடுவது மாத்திரை. மருந்து என்றால் மிளகாய்ச் செடிக்கு அடிப்பது. ‘மருந்து அடிச்ச கையோட சோத்துப் பானையத் தொடாத’ என்று அம்மா கத்திய கத்தலில் வளர்ந்தவன். எங்கள் பக்கம் ஒருத்தி மருந்தைக் குடித்துவிட்டாள் என்றால் என்ன அர்த்தம் என்று பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும். திம்மையா எந்தக் கடைக்குப் போய் எதை வாங்கியிருக்கிறார் என்று அந்த இடைவெளி ஆரம்பித்த உடனேயே எனக்குத் தெரிந்துவிட்டது. மீதி இடைவெளியில் நான் வேறொன்றை யோசித்தேன். இப்போது நான் உண்மையைச் சொன்னால் என்ன ஆகும்? உன் பெண்டாட்டி ஒன்றும் வைக்கவில்லை, நான்தான் சும்மா கேட்டேன் என்று சொன்னால், அந்த மனிதர் வெட்கத்தில் நேரே சாராயக் கடைக்குப் போவார். இவ்வளவு நாள் உழைப்பும் போய்விடும். அவருக்குப் பின்னால் மொக்கையன் போவார், நாய்க்குச் சோறு போட்டவர் போவார், ஒவ்வொருவராகப் போவார்கள்.

அதனால் என் வேலையைச் செய்தேன்.

“இன்னிக்குக் குடிச்சீங்களா?”

“இல்ல சார்.”

“ரொம்ப நல்லது. அத மட்டும் விட்டுறாதீங்க.”

போனை வைத்துவிட்டார். சௌடேஸ்வரி அக்காவின் நம்பர் என்னிடம் இருந்தது. இரண்டு தடவை அவர் பேசிய நம்பர். அவர்கள் வீடு எங்கள் மையத்திலிருந்து நடந்து போகிற தூரம்தான். தடுப்புக்கு அந்தப் பக்கம் சரஸ்வதி மேடம் உட்கார்ந்திருந்தார்; எழுந்து நின்றாலே தெரிவார். நான் எழுந்து நிற்கவில்லை. கீழே பேக்கரியில் பன் சூடாக இறக்கியிருந்தார்கள். வாங்கிவரச் சொல்லிச் சாப்பிட்டேன். அடுத்த அழைப்பு வந்தது. சாப்டீகளா என்று கேட்டேன்.

அன்று பொழுது சாய, திம்மையா வெகு நாளைக்குப் பிறகு வீட்டில் சாப்பிட உட்கார்ந்தாராம். ஒரே தட்டில் சாப்பிடலாம், நீ முதலில் சாப்பிடு என்றாராம். அந்த அக்காவுக்கு அவ்வளவு சந்தோஷம் என்று பக்கத்து வீட்டார் உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். மதுரைக்குக் கொண்டுபோகிற வழியில் உயிர் போய்விட்டது. நீங்கள் கேட்டதற்கு நேரடியாகவே சொல்கிறேன்: நான் தடுத்திருக்கலாம். தெரிந்துதான் தடுக்கவில்லை. அதற்கு முன்னாலும், அந்தச் சந்தேகத்தை அவருக்குள் வைத்தவன் நான்தான். திம்மையாவுக்கு யாராவது மருந்து வைத்தார்கள் என்றால் அது நான்.

எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். சௌடேஸ்வரி கடைசிவரை எதையும் கலக்கவில்லை, தன் அக்காவிடம் சொன்ன மந்து சாராயம்தான் என்று நாளைக்குத் திம்மையாவிடம் சொல்லப்போவதாக ஏட்டையாவிடம் பேசிக்கொண்டிருந்தீர்கள். அது மட்டும் வேண்டாம், ஐயா. அவருக்கு இப்போது எவ்வளவு நன்றாகத் தெளிந்திருக்கிறது தெரியுமா? இதைக் கேட்டுவிட்டால் வெளியே வந்ததும் மறுபடி குடிக்க ஆரம்பித்துவிடுவார்.